டர்பனில் ஒரு வாரம்: எந்த ராத்திரிக்குக் கண் விழிக்கலாம்?

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தங்கை மகள் ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வருகிறாள். "பெரியம்மா, பீச்சும் பன்னி சௌவும் நானே பாத்துக்கறேன். பாட்டுக் கேக்க எங்க போலாம்னு மட்டும் சொல்லுங்க" என்று போனில் கேட்டாள். (பன்னி சௌ என்பது ரொட்டியைக் குடைந்து குழம்பை நிரப்பித் தரும் இந்த ஊர்ச் சாப்பாடு.) பதில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். இந்த ஊரில் எனக்குப் பிடித்தவை நாலு. நாலுக்கும் ஒரே வாரத்தில் போக முடியாது. அதனால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் வியாழக்கிழமைக் கச்சேரி. எங்கள் மாகாணத்தின் குவாசுலு-நட்டால் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு 1983-லிருந்து இருக்கிறது. சீசன் நடக்கும்போது வியாழன் மாலைதான் அவர்களுடைய நாள். சிட்டி ஹாலில் வாசிப்பார்கள், இல்லையென்றால் பிளேஹவுஸ் அரங்கில். 1910-ல் கட்டிய சிட்டி ஹால் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தைப் பார்த்து எழுப்பியது. உயரக் கூரைக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் சேர்ந்து வாசிக்கும் சத்தத்தை நேரில் கேட்டுப் பார்க்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கும், பத்து மணிக்குள் வீடு வந்துவிடலாம். ஆனால் இதே பீத்தோவனை ஜோஹன்னஸ்பர்க்கிலும் கேட்கலாம், லண்டனிலும் கேட்கலாம். இதற்காக ஆறு மணி நேரம் கார் ஓட்டி வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து ஜாஸ். ஹோவர்ட் காலேஜ் மேட்டில் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் மையம் இருக்கிறது. படிப்பு நடக்கும் நாட்களில் புதன்கிழமை மாலைகளில் சின்ன அறையில் கச்சேரி வைப்பார்கள். 1983-ல் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேரியஸ் புரூபெக் அங்கே பாடம் சொல்லித்தர வந்ததிலிருந்து வளர்ந்தது அது. வாசிப்பவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். முன் வரிசையில் உட்கார்ந்தால் டிரம்ஸ் அடிக்கும் பையன் அடுத்த அடிக்கு முன்னால் மூச்சை இழுப்பதுகூடத் தெரியும். இன்னும் கொஞ்சம் ஆட்டம் பாட்டமாக வேண்டுமென்றால் பக்கத்துப் பைன்டவுனில் ரெயின்போ உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜாஸ். இனப்பிரிவினைக் காலத்திலேயே கறுப்பர், வெள்ளையர், இந்தியர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்ட இடம்.

ஜாஸ் என்றால் நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற உணவகத்தில்தான் இந்த ஊர் ஜாஸ் உயிரோடு இருந்தது. நம் வீட்டுத் தாத்தாக்கள் அங்கே சாக்ஸஃபோன் கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஜாஸுக்கும் நாம் விருந்தாளி இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவா ஜாஸா என்றால், எனக்கு ஜாஸ்தான்.

இந்த இரண்டும் சாயங்காலச் சமாச்சாரம். இனி வருவது இரண்டும் விடிய விடிய நடப்பவை. டர்பனின் நிஜமான பாட்டு அங்கேதான் இருக்கிறது.

ஒன்று இசிகாதமியா, ஜூலு ஆண்கள் வாத்தியம் இல்லாமல் கூட்டாகப் பாடும் பாட்டு. இந்தப் பெயரில் 'கா' என்று நான் எழுதுவது சரியில்லை. யாருக்காவது கஷ்டம் என்றால் பல்லில் நாக்கை வைத்து உச்சுக் கொட்டுவோமே, அந்தச் சத்தம்தான் ஜூலுவில் அங்கே ஓர் எழுத்து. அதற்குத் தமிழில் எழுத்து இல்லாவிட்டாலும் நம் வாயில் வரும். சத்தம் போடாமல் மெல்ல அடி வைப்பது என்று அர்த்தம். ஊரை விட்டுச் சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்து ஹாஸ்டல்களில் தங்கிய ஆண்கள் பாடிய பாட்டு. காவல்காரரை எழுப்பிவிடாமல் நுனிக்காலில் ஆடினார்கள், அந்த ஆட்டம்தான் பாணியானது என்று சொல்வார்கள். மசிங்கா பக்கத்திலிருந்து போன சாலமன் லிண்டாவின் குழு 1939-ல் 'ம்பூபே' என்று பாடிப் பதிவு செய்தது. 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று உலகம் முழுக்கப் பாடிய அந்தச் சிங்கப் பாட்டின் மூலம் அதுதான். இந்தப் பாட்டை உலகமெல்லாம் கொண்டுபோன லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவை இங்கே அறியாதவர் இல்லை.

மேடையில் வாத்தியம் ஒன்றும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே நிறத்தில் சூட்டு, பளபளக்கும் ஷூ. பெரும்பாலோர் கீழ்க்குரல், மேல்குரலுக்கு ஒவ்வொருவர்தான். தலைவர் முன்னால் தனியாக நின்று ஒரு வரி இழுப்பார். பின்னால் அத்தனை கீழ்க்குரலும் சேர்ந்து விழும்போது நெஞ்சுக்கூட்டில் அதிரும். போட்டிதான் இதன் உயிர். பீட்ரிஸ் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ.வில் சனிக்கிழமை ராத்திரிப் போட்டிகள் பேர் போனவை. இப்போது அந்த வீதிக்கு சார்லட் மாக்செக்கே பெயர். பிளேஹவுஸிலும் பெரிய போட்டி உண்டு, சாயங்காலம் ஆரம்பித்தால் மறுநாள் காலை வரை போகும். நடுவராகக் குழுக்களில் ஒருவரையும் அறியாத ஆளை, ஜூலு புரியாத வெள்ளைக்காரரைக்கூட, கூட்டிவந்து உட்கார வைப்பது பழைய வழக்கம். யார் பக்கமும் சாயமாட்டார் பாருங்கள்.

நான் போன ராத்திரி ஒன்று மறக்கவில்லை. மணி மூன்று இருக்கும். பாடிக்கொண்டிருந்தவரின் மனைவியோ அக்காவோ, ஓர் அம்மா எழுந்து மெல்ல மேடைக்குப் போய், தன் கழுத்துத் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் பாட்டை நிறுத்தவில்லை. பின்னால் நின்றவர்களின் குரல் மட்டும் ஒரு படி ஏறியது.

இன்னொன்று நம் கூத்து. இங்கே இங்கிலீஷில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள், வீட்டில் கூத்து என்றே சொல்வோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து வந்த கரும்புத் தோட்டத்துக் கூலிச் சனங்கள் தங்கள் வரிசைக் குடியிருப்பான பாரக்ஸ் வாசலில் ஆடியதுதான் இது. பாரதக் கதை, அரிச்சந்திரன், மார்க்கண்டேயன். ஈஸ்டர் நாட்களில் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், திரௌபதைக்குத் தீ மிதிப்பார்கள். அப்போதுதான் தோட்டத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததாம். புனித வெள்ளி அன்று இசிபிங்கோ ரெயில் என்ற பகுதியில் உள்ள மாரியம்மன் கோயிலில் நிற்க இடம் இருக்காது. கேட்டோ மேனர் அம்பலவாணர் கோயிலில் தீக்குழி. அந்த நாட்களை ஒட்டி எந்தக் கோயிலிலாவது கூத்து வைத்தால் விடக்கூடாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் உழைக்க வந்தவர்கள் வேலை முடிந்து பாடியது, இரண்டிலும் ஆண்கள்தான் முன்னால். ஆனால் அங்கே காலடிச் சத்தத்தை ஒளிக்கிறார்கள். இங்கே சலங்கை கட்டிக்கொண்டு மண் அதிர மிதிக்கிறார்கள். அங்கே குரல் மட்டும். இங்கே ஆர்மோனியம், மத்தளம், தாளம். அங்கே ஒரு குழு இருபது நிமிஷத்தில் இறங்கிவிடும். இங்கே ஒரே கதை ராத்திரி முழுக்க ஓடும். திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் பாட ஆரம்பித்தால் திரை விலகவே பத்து நிமிஷம் ஆகும்.

குரல் சுத்தத்தில் இசிகாதமியாதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் வாரம் முழுக்கச் சாதகம் பண்ணுகிறார்கள், கேட்கும் சனமும் பாட்டு மொழியிலேயே பிறந்த சனம். கூத்தில் போன வருஷம் ஒலிபெருக்கி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பாதி வசனம் காதில் விழவில்லை, வயதானவர்கள் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.

ஆனாலும் துகிலுரியும் கட்டத்தில் ஒன்று பார்த்தேன். பாஞ்சாலி வேஷம் கட்டியவர் பகலில் பஸ் ஓட்டுகிறவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. பாட்டு முழுவதையும் நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். "கண்ணா" என்று கையைத் தூக்கியவர் அடுத்த அடி மறந்து நின்றுவிட்டார். மத்தளம் விடாமல் அதே தாளத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த எண்பது வயது ஆயா ஒருவர், சால்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, அடுத்த அடியைத் தானே பாடினார். கரகரத்த குரல், ராகம் அச்சு அசல். பாஞ்சாலி அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அரிதாரத்தின் மேல் கண்ணீர் கோடாக இறங்கியது. நடிப்பா, நிஜமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் தங்கை மகளுக்கு நான் சொல்லும் முடிவு இது. வருகிற வாரத்தில் கூத்து இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், சனிக்கிழமை ராத்திரி இசிகாதமியா, புதன்கிழமை ஜாஸ். கூத்து இருக்கிற வாரம் என்றால் மற்ற மூன்றையும் விட்டுவிடு. இசிகாதமியாவுக்கு இளம்பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறார்கள், அடுத்த வருஷமும் கேட்கலாம். கூத்துக்கு வேஷம் கட்டுகிறவர்களை நாங்கள் விரல் விட்டு எண்ணுகிறோம். அடுத்த அடியைச் சொல்லத் தெரிந்த ஆயாக்களோ அதைவிடக் குறைவு. உனக்குத் தமிழ் புரியும். நீ பாயில் வந்து உட்கார்ந்தாலே ஆடுகிறவருக்கு அது தெரியும்.

தங்கை மகளிடம் லீவை ஈஸ்டருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கோயிலில் கேட்டு நாள் சொல்கிறேன், பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு வா, கையில் கனமான போர்வை ஒன்று எடுத்துக்கொள், மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும் என்றேன். "ஒண்ணு போதுமா பெரியம்மா?" என்று கேட்டாள். இரண்டாகவே கொண்டுவரச் சொன்னேன், ஆயா பக்கத்தில்தான் உட்காரப் போகிறோம்.