கன்வெர்ட் செய்வதற்கு முன் ஒரு பார்வை: மீடியாஇன்ஃபோ

பினாங்கில் கல்யாணம், தைப்பூசம் என்று வீடியோ எடிட் செய்யும் எனக்குப் பல வருடமாகக் கை கொடுக்கும் மென்பொருள் மீடியாஇன்ஃபோ. இலவசம், ஓப்பன் சோர்ஸ். படத்தை மாற்றாது; கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

எம்பி4, எம்கேவி, எம்ஓவி எல்லாம் வெறும் டப்பா. உள்ளே படத்தைச் சுருக்கிய முறை, அதாவது கோடெக், எச்.264ஆ, எச்இவிசியா, பழைய எம்பெக்-2ஆ என்பது கோப்பின் பெயரில் தெரியாது. 40 ஜிபி கோப்பைப் போட்டாலும் இதில் சில நொடியில் விவரம் வந்துவிடும். முழுக் கோப்பையும் அது படிப்பதில்லை. சுருக்கப் பார்வை போதாது, டெக்ஸ்ட் பார்வைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலையில் எடுத்த காவடி வீடியோவை ஒரு தம்பி கொண்டு வந்தார். “அண்ணே, டிவியில சத்தம் மட்டும் வருது, படம் வரல.” பார்த்தால் எச்இவிசி, குரோமா (நிற விவரம் எவ்வளவு பதிவாகிறது என்பது) 4:2:2, 10 பிட். டிவிகள் பொதுவாக ஏற்பது 4:2:0. வேறு வழியில்லை, மறுபடி என்கோட் செய்ய (படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுத) ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டேன். அதே பென்டிரைவில் இருந்த இன்னொரு எம்கேவியும் ஓடவில்லை என்றார். அதில் எச்.264 படம், ஏஏசி சத்தம்; கோடெக்கில் குறையில்லை, டப்பாதான் சிக்கல். இதை எதற்கு மறுபடி என்கோட் செய்ய வேண்டும்? டப்பாவை மட்டும் மாற்றித்தரும் லாஸ்லெஸ்கட் மென்பொருளில் எம்பி4 ஆக்கினேன். தரம் துளியும் குறையாது, காப்பி செய்கிற நேரம்தான் ஆகும். ஹேண்ட்பிரேக்கோ எதைக் கொடுத்தாலும் படத்தை மறுபடி என்கோட் செய்துவிடும்.

அப்புறம், கைப்பேசி வீடியோ என்றால் ‘ஃபிரேம் ரேட் மோட்’ வரியைப் பாருங்கள். வேரியபிள் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது மாறிக்கொண்டே இருப்பது) என்றிருந்தால் எடிட்டிங்கில் நாதஸ்வரக்காரர் விரல் ஒரு பக்கம், ஓசை ஒரு பக்கம் போகலாம். நான் கான்ஸ்டன்ட் ஆக்கிவிட்டுத்தான் டைம்லைனில் வைப்பேன்.

குறையும் உண்டு. கோப்பு தன்னைப் பற்றிச் சொல்வதை மீடியாஇன்ஃபோ நம்பிவிடும். நடுவில் கெட்டுப்போயிருந்தாலும் பெரும்பாலும் நல்ல கோப்பு மாதிரியே காட்டும். சந்தேகம் வந்தால் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் கோப்பை முழுதாக ஓடவிட்டுப் பிழைகளை மட்டும் காட்டச் சொல்வேன். பெரிய கோப்பென்றால் அதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம்.

கேமரா பேட்டரி பாதியில் செத்துப்போன எம்பி4 என்றால் கோடெக் வரியே வராமல் அளவு மட்டும் வரும். கோப்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘மூவ்’ என்ற அட்டவணைப் பகுதியைக் கேமரா பொதுவாகக் கடைசியில்தான் எழுதும். அது இல்லாமல் எந்தக் கன்வெர்ட்டரும் வேலை செய்யாது. அதே கேமராவின் நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் மென்பொருளில் மீட்டுப் பார்க்கலாம்.

4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு பென்டிரைவில் ஏறவில்லை என்றால் அது கோடெக் சங்கதியே அல்ல, பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருப்பதுதான். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் சரி. உங்கள் டிவி அதைப் படிக்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.