இங்க்ஸ்கேப்பில் மூலையை வளைக்க மூன்று வழிகள்

90 மி.மீ. அகலமும் 54 மி.மீ. உயரமும் கொண்ட விசிட்டிங் கார்டின் நான்கு மூலைகளையும் 3 மி.மீ. ஆரத்தில் வளைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தெரிவதால்தான் தேர்வில் பிழை நேர்கிறது.

செவ்வகக் கருவியின் மேற்பட்டையில் ஆர்எக்ஸ் (கிடை ஆரம்), ஆர்ஒய் (செங்குத்து ஆரம்) ஆகிய இரு பெட்டிகளிலும் 3 என்று இடுவது முதல் வழி. அந்த அளவு எஸ்விஜி கோப்பில் (இங்க்ஸ்கேப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) எண்ணாகவே தங்குவதால், பிறகு 5 தேவைப்பட்டால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். செவ்வகத்தைப் பெரிதாக்கும்போது ஆரமும் சேர்ந்து மாற வேண்டுமா என்பதைத் தேர்வுக் கருவியின் பட்டையில் உள்ள ஒரு பொத்தான் முடிவு செய்கிறது. அது இயங்கும் நிலையில் அகலத்தை மட்டும் இழுத்தால் வட்டமான மூலை நீள்வட்டமாகிவிடும் என்பதால் நான் அதை எப்போதும் அணைத்தே வைக்கிறேன். எஸ்விஜியின் செவ்வகம் நான்கு மூலைகளுக்கும் ஒரே ஆரத்தைத்தான் ஏற்கும் என்பதால், மேல் மூலைகளை மட்டும் வளைப்பது இவ்வழியில் நடக்காது.

வடிவத்தைச் சுற்றிய கோடு மூலையில் திரும்பும் இணைப்பை வட்டமாக்குவது இரண்டாவது வழி. 84க்கு 48 மி.மீ. அளவில் செவ்வகம் வரைந்து, நிரப்பிய நிறத்திலேயே 6 மி.மீ. தடிமனில் கோடு போட்டால், கோட்டின் பாதி வெளியே நீண்டு, வெளிமூலைகளில் சரியாக 3 மி.மீ. ஆரம் கிடைக்கும். தலைப்பு எழுத்துகளின் கூர்மையைச் சற்றே மழுக்க இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் வெட்டும் இயந்திரம் கோட்டின் தடிமனைப் பார்ப்பதில்லை, வடிவத்தின் எல்லையான பாதையையே பின்பற்றுகிறது. இப்படி வரைந்து நான் அனுப்பிய ஸ்டிக்கர்கள் அளவில் சிறுத்து, கூர்மூலைகளுடன் திரும்பி வந்தன. கோட்டைப் பாதையாக மாற்றி, நிரப்புடன் ஒன்றிணைத்து அனுப்பியிருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, 2020இல் வெளிவந்த 1.0 பதிப்பு முதல் கிடைக்கும் ‘கார்னர்ஸ்’ என்ற பாதை விளைவு; பலகோணம், அம்பு, பேச்சுக்குமிழ் போன்றவற்றுக்கு இதுவே ஏற்றது. (நட்சத்திரக் கருவியின் ‘ரவுண்டட்’ அளவு பக்கங்களையும் சேர்த்து வளைப்பதால் அது இதற்கு மாற்றாகாது.) பாதையின் புள்ளிகளைத் திருத்தும் நோட் கருவியால் வேண்டிய மூலைகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆரம் தரலாம்; வளைவுக்குப் பதிலாகச் சாய்வாக வெட்டவும் செய்யலாம். மூல வடிவம் கோப்பிலேயே பாதுகாக்கப்படுவதால், விளைவை நீக்கியதும் கூர்மூலைகள் அப்படியே திரும்பிவிடும். கார்டின் மேல் மூலைகளை மட்டும் வளைக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்கு நான் இதையே பயன்படுத்துகிறேன்.