டேஷ்போர்டு குரோம்: பழசுக்கு பிளேட்டிங்கா, ஜே.சி. ரோட்டில் புதுசா?

அறுபது, எழுபதுகளின் அம்பாசிடர், ஃபியட் வண்டிகளில் டேஷ்போர்டின் வயசை முதலில் காட்டிக்கொடுப்பது பளபளப்புச் சாமான்கள்தான்: கேஜ் (ஸ்பீடு, பெட்ரோல் காட்டும் மீட்டர்) வளையம், ஸ்விட்ச் நட்டு, கிளவ்பாக்ஸ் பூட்டு, ஆஷ்ட்ரே முகப்பு. பெங்களூரில் இதற்கு மூன்று வழி உண்டு. கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் புதுசு வாங்கலாம். சிவாஜி நகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) வேறு வண்டியிலிருந்து கழற்றியதைத் தேடலாம். இல்லையென்றால் நம் சாமானையே பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் கொடுத்து பிளேட்டிங் (மின்முலாம்) போட்டு வாங்கலாம். எங்கள் வண்டிக்கு மூன்றாவதைத்தான் செய்தோம். சாமான் பித்தளையாக இருந்தால் யாருக்கும் அதையே சொல்வோம்.

புதுசின் வசதி தெரிந்ததுதான்: காலையில் போனால் மதியம் கையில். ஆனால் மோரிஸ் என்ற பிரிட்டிஷ் கார் வழி வந்த அம்பாசிடரில் திரெட் (திருகுப் புரி) இஞ்சுக் கணக்கு, ஃபியட்டில் மில்லிமீட்டர். புது நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றால் திரெட் வேறு என்று அர்த்தம். பலம் கொடுத்தால் ஸ்விட்சின் கழுத்து போய்விடும். பழைய ஸ்விட்சைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று, பல வளையங்கள் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய பூச்சு. உரிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான், அதன் மேல் பிளேட்டிங் நிற்காது.

குஜரிச் சாமான் ஒரிஜினல். தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் அதுவும் நம் வண்டி பார்த்த அதே வெயிலையும் மழையையும் பார்த்தது. நம்முடையது உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால் மட்டும் அங்கே போகலாம்.

பிளேட்டிங்குக்குக் கொடுக்கும் முன் கழற்றும் வேலை இருக்கிறதே, பாதிச் சேதம் அங்கேதான் நடக்கிறது. முதலில் பாட்டரி டெர்மினலை எடுத்துவிடுங்கள். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி முறை ஒயரிங்கில் பிரவுன் ஒயரில் சாவி போடாமலே கரண்ட் இருக்கும், நடுவில் ஃப்யூசும் கிடையாது. ஸ்பானர் பட்டால் ஒயர்க் கட்டே புகையும். ஸ்விட்சின் நாப்பை (பிடிக்கும் குமிழ்) வெறுமனே இழுக்காதீர்கள். கழுத்தடியில் ஒரு பொடி ஓட்டை இருந்தால் உள்ளே ஸ்ப்ரிங் ஊசி இருக்கிறது, 2 மி.மீ. கம்பியால் அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் நாப் சுளுவாக வரும். சிலதில் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ இருக்கும், சிலது திருகினால் வரும்.

ஸ்விட்ச் நட்டில் எதிரெதிரே இரண்டு வெட்டு இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டினால் அந்த வெட்டின் விளிம்பு சிதைந்துவிடும், பிறகு எந்தப் பளபளப்பும் அதை மறைக்காது. நட்டின் அகலத்துக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டை எடுத்து, முனையில் இரண்டு பல் மட்டும் நிற்கும்படி அரத்தால் ராவினால் அதற்கான ஸ்பானர் தயார். கேஜைப் பின்னாலிருந்து ஒரு கிளாம்ப் பிடித்திருக்கும். அதன் சொரசொரப்பு நட்டைக் கையாலேயே கழற்றலாம். வளையத்தைக் கேஜிலிருந்து பிரித்த பிறகே கொடுங்கள். பல கேஜ்களில் மடிப்பு நாக்குகள் டப்பாவின் வெட்டுக்கு நேராக வரும்வரை வளையத்தைத் திருப்பினால் கழன்றுவிடும். காய்ந்துபோன ரப்பர் பிடித்துக்கொண்டால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் டயலில் கறை ஏறும்.

இப்போதுதான் முடிவெடுக்கும் இடம்: இது என்ன உலோகம்? காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் வெளியே தெரியாத உள்பக்கத்தில் பிளேடால் சுரண்டுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் நிறமும் மேலே சின்னச் சின்னக் கொப்பளமும் இருந்தால் ஜிங்க் டைகாஸ்ட், அதாவது அச்சில் வார்த்த துத்தநாகம். பித்தளை என்றால் கவலையே இல்லை. பழைய பூச்சை எடுத்து, பஃபிங் செய்து (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றி), நிக்கலும் குரோமும் ஏற்றலாம். இன்னும் பல வருஷம் கழித்து மங்கினாலும் திரும்பச் செய்யலாம். நாங்கள் பழசின் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம். புதுசு ஒரு தடவைச் சாமான்.

ஜிங்க் அப்படி இல்லை. இரும்புக்குச் செய்வது போல ஆசிடில் முக்கினால் குரோமோடு சேர்ந்து சாமானும் கரையும், காரத்திலும் கரையும். கொப்பளத்துக்கு அடியில் இருக்கும் அரிப்பைக் குடைந்து எடுத்து, சயனைடு காப்பர் முதலில் ஏற்றி, அதன் மேல் காப்பர் நிரப்பித் தேய்த்து, பிறகுதான் நிக்கல். இதைச் செய்வீர்களா என்று கடையில் முதலிலேயே கேளுங்கள். இழுத்துப் பேசினால் ஜிங்க்கை அங்கே கொடுக்காதீர்கள். குழி ஆழமாக இருந்தால் அந்த ஒரு சாமானுக்குக் குஜரிதான் வழி.

"குரோம் நல்லா கனமா போடுங்க" என்று சொல்வதில் பயன் இல்லை. அலங்காரக் குரோம் அரை மைக்ரான்கூட இருக்காது. துருவைத் தடுப்பதும் பளபளப்பைத் தருவதும் அடியில் இருக்கும் நிக்கல். அது 10 மைக்ரானுக்குக் கீழே போகாமல் கேட்டு வாங்குங்கள். எழுத்து வெட்டிய முகப்பை லேசாக பஃபிங் செய்யச் சொல்லுங்கள், சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் எழுத்தின் ஓரம் மழுங்கும். திரெட்டுக்கு மறைப்பு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூச்சின் கனத்தில் பழைய நட்டே ஏறாது. சாமான்களைச் செம்புக் கம்பியில் கோத்து, எண்ணி, போட்டோ எடுத்துக் கொடுங்கள். எங்கள் வண்டி ஷெட்டில் நிற்பது. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிக்கு இந்த பிளேட்டிங் எத்தனை வருஷம் தாங்கும் என்பதற்கு அதை அளவாக எடுக்க வேண்டாம்.

விற்கும்போது? 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. நட்டையும் வளையத்தையும் மாற்றியதால் பதிவு கிடைக்காமல் போகாது. வாங்க வருகிறவர் வேறு ரகம். டார்ச் அடித்து டேஷ்போர்டின் அடியில் பார்ப்பார். அதனால் புதுசு போட்டாலும் பழசை ஒரு டப்பாவில் வைத்திருங்கள்.

திரும்பப் பூட்டும்போது கேஜ் கிளாம்ப் டேஷ்போர்டைத் தொடும் இடத்தை எமரியால் தேய்த்துவிடுங்கள். பல கேஜ்களில் உள்லைட்டுக்கு எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. புதுப் பெயின்ட் தடுத்தால் லைட் எரியாது. பாட்டரியை இணைத்து எல்லா லைட்டையும் போட்டுப் பார்த்த பிறகு நாப்களை மாட்டுங்கள்.