640 ரூபாய்க் காதுமூடியும் ஒரு ஹாக்கி ஆட்டமும்

பஞ்சாலையில் ரிங் பிரேம் பிரிவில் 31 வருடம் நின்றவன் நான். அங்கே காதுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, தரையில் கிடக்கும் பஞ்சை எடுத்து நாமே அடைத்துக்கொள்வதுதான். இன்றைக்கு என் இடது காது பாதிதான் கேட்கும். காதுமூடியைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தெரியும் மாமா என்று மருமகள் கேட்கிறாள். வேறு யாருக்குத் தெரியும்?

வாங்கியது சிறுவர்களுக்கான காதுமூடி. தலைக்கு மேலே ஒரு பட்டை, இரண்டு பக்கமும் கிண்ணம், உள்ளே மெத்தை. பேட்டரி கிடையாது, பாட்டு வராது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் “என்ன பாட்டுக் கேட்கிறாய் பாப்பா?” என்று கேட்பார்கள். பேத்தி பதில் சொல்ல மாட்டாள். நான் “ஹரிகாம்போதி” என்பேன்.

பேத்திக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் இருக்கிறது. மிக்ஸி ஓடினால் கொல்லைப்புறத்துக்கு ஓடுவாள். ஆனால் எங்கள் மதுரையின் பெரியார் பஸ் நிலையத்துக்குப் போய்வந்தால், நடத்துநர்கள் கூவியதை அதே தொண்டையில் ஒரு மணி நேரம் வீட்டில் கூவிக்கொண்டிருப்பாள். ஆகவே சத்தமே பிடிக்காத பிள்ளை என்று சொல்ல முடியாது. எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் அவளுக்கு ஆகாது. இது எங்களுக்குப் புரியவே நான்கு வருடம் ஆயிற்று.

ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியின் ஒரு பகுதி நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்கப்போகிறது, 24 நாடுகள் வருகின்றன என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த நாடுகளின் கொடிகளை வெட்டி எடுத்து வரிசைப்படுத்தியவள் அவள்தான். ஒலியை அணைத்துவிட்டு டிவியில் ஹாக்கி பார்ப்பாள். நேரில் கூட்டிப்போகலாமே என்று எனக்குத் தோன்றியது செப்டம்பரில். ஆட்டம் 2025 நவம்பர் 28இல் தொடங்க இருந்தது. கையில் பத்து வாரம் இருந்தது.

தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கடை. ஹெல்மெட், கையுறை, வெல்டிங் கண்ணாடி விற்கிற இடம். முதலில் பெரியவர்களுக்கான காதுமூடியை 450 ரூபாய் கொடுத்து வாங்கிவந்து ஏமாந்தேன். பிள்ளையின் தலையில் நிற்காமல் தாடைக்கு வழுக்கியது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அதை இப்போது மாவு மில்லுக்குப் போகும்போது நான் மாட்டிக்கொள்கிறேன். சிறுவர் அளவு வரவழைக்க எட்டு நாள் ஆனது, 640 ரூபாய். பேத்திக்குப் பிடித்த நீலம் இல்லை, பச்சைதான் இருந்தது. இரண்டு நாள் தொடவே இல்லை.

“போட்டால் ஒரு சத்தமும் கேட்காது” என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அது பொய். அட்டைப்பெட்டியில் எஸ்.என்.ஆர். 27 என்று போட்டிருக்கிறது. எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்த டெசிபல் கணக்கு அது. பத்து டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறையப் பாதியானதுபோல் காதுக்குத் தோன்றும்; எனவே 27 என்பது நல்ல குறைப்புதான். ஆனால் மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் அந்தக் கணக்குப் பலிக்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு இடையில் போனால் போயிற்று. எங்கள் வீட்டில் கண்ணாடி இல்லை, இரட்டைப் பின்னல் இருந்தது. காதுக்கு மேலே மடித்துக் கட்டிய பின்னலைப் பிடரிக்கு இறக்கி, மல்லிகைப் பூவையும் எடுத்த பிறகுதான் கிண்ணம் ஒழுங்காக உட்கார்ந்தது. பூ இல்லாமல் வெளியே போவதா என்று மனைவிக்கு ஒரு வாரம் வருத்தம்.

பழக்கிய கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் இந்தப் பொருள் வெறும் பிளாஸ்டிக். முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் சும்மா கிடந்தது. அடுத்து நான் போட்டுக்கொண்டேன், பிறகு அவள் பொம்மை. பிறகு மிக்ஸி ஓடும் இரண்டு நிமிடம் மட்டும் அவள். தெரபிஸ்ட் அம்மா கண்டிப்பாக ஒன்று சொன்னார்: நாள் முழுக்க மாட்டிவைக்கக் கூடாது, அமைதிக்கே காது பழகிவிட்டால் சாதாரணப் பேச்சும் இரைச்சலாகிவிடும். அக்டோபர் 20, தீபாவளி. சரவெடிக்குக் காதுமூடி தாக்குப்பிடித்தது, அணுகுண்டுக்குப் பிடிக்கவில்லை. தாழ்ந்த சுரத்தில் அதிரும் சத்தம் உடம்பு வழியாகவும் ஏறுகிறது.

மைதானத்தின் வாயில், படி, கழிப்பறை எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டோ எடுத்து ஒரு நோட்டில் ஒட்டினோம். ஆட்டம் நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 15 நிமிடம், முடிவில் பலமாக ஹூட்டர் ஊதும். அதற்கு நான் வைத்த பெயர் மில் சங்கு. என் ஷிப்ட்டுக்கு ஊதிய சங்குபோல அவள் முன்னால் வாயால் ஊதிக் காட்டினேன், சமையலறை டைமரில் 15 நிமிடம் வைத்து வைத்து. தெருவில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

டிசம்பர் 2ஆம் தேதி இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்ற ஆட்டத்தை வேண்டுமென்றே தவிர்த்தோம். நாங்கள் போன அன்று ஆடிய இரண்டு நாட்டுக்கும் மதுரையில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம், படியோரம் இரண்டு இருக்கை. முதல் சங்கு ஊதியபோது பேத்தி காதுமூடியின் மேல் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். இரண்டாம் பகுதியில் யாரோ டிரம் அடிக்க ஆரம்பித்தார்கள். அது தீபாவளிக் கதை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கியதும் எழுந்துவிட்டோம். இங்கிலாந்தில் சண்டர்லாந்து கால்பந்து அரங்கில் 2015இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகள் அமைதியாக இருந்து ஆட்டம் பார்க்கத் தனி அறை வைத்துவிட்டார்கள். எங்களுக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு நிழல் இருந்தது. அங்கே பத்து நிமிடம் முறுக்குத் தின்றோம்.

திரும்பி வந்தபோது பெனால்டி கார்னர், அதாவது தடுக்கிற அணி கோல் பக்கம் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் அடி. தடுக்கிற அணியில் கோல்கீப்பரைத் தவிர நான்கு பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று முகமூடி மாட்டுவார்கள், கார்னர் முடிந்ததும் கழற்றி வீசுவார்கள். அதைக் கவனித்தவள் பேத்திதான். டிவியில் அத்தனை ஆட்டம் பார்த்த என் கண்ணில் அது பட்டதில்லை. அவர்கள் மாட்டியபோது இவளும் காதுமூடியை ஏற்றினாள். வீசியபோது கழற்றி மடியில் வைத்தாள். அடுத்த கார்னருக்கும் அப்படியே. அந்த இடைவேளைகளில் மைதானச் சத்தத்தை வெறும் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது சங்கு ஊதியது. எழுந்து நின்று, “பெரியார், பெரியார், பெரியார், ஏறு ஏறு” என்றாள். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். போய்விட்டோம். முடிவை மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொண்டோம்.

காதுமூடியில் ஒரு குறை. தேங்காய் எண்ணெய் பட்டுப் பட்டு மூன்றே மாதத்தில் மெத்தையின் தோல் வெடித்துவிட்டது. உதிரி மெத்தை தனியாக வரும் என்று பெட்டியில் இருக்கிறது. கடையில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறார்கள். வாங்குகிறவர்கள் கையோடு ஒரு ஜோடி உதிரி மெத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.