கல்யாண மண்டபத்தில் 15 நாள்: குடிநோய் முகாம் அனுபவம்

போன தை மாதம் என் அண்ணனை எங்கள் ஊர்ப்பக்கம் நடந்த குடிநோய் சிகிச்சை முகாமில் சேர்த்தோம். போதை மறுவாழ்வு சிகிச்சை தரும் சென்னை டிடிகே மருத்துவமனை 1989-இல் மஞ்சக்குடி கிராமத்தில் தொடங்கிய முகாம் முறைதான் இதற்கும் அடிப்படை. டாக்டரும் ஆலோசகர்களும் வெளியூரிலிருந்து வருவார்கள். இடம், சாப்பாடு, ராத்திரி காவல் எல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. கல்யாண மண்டபத்தை ஒருவர் சும்மா கொடுத்தார், அரிசியும் காய்கறியும் வீடு வீடாக வந்தன.

முதல் மூன்று நாள்தான் பயம். அண்ணன் டம்ளரைப் பிடித்தால் காபி பாதி கீழே சிந்தும். முன்பு வீட்டிலேயே திடீரென்று நிறுத்தவைத்து, வலிப்பு வந்து அலறியடித்து ஓடியிருக்கிறோம். அதிகம் குடிப்பவர்கள் மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்று இங்கேதான் சொன்னார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி, மாத்திரை, பக்கத்திலேயே நர்ஸ். நான்காம் நாள் அவரே சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார்.

அண்ணிக்கும் தனியாக வகுப்பு இருந்தது. "இது நோய்ம்மா, உங்க தப்பு இல்ல" என்று ஆலோசகர் சொன்னதும் அண்ணி அழுத அழுகை! பதினைந்து வருஷம் அடக்கிவைத்தது.

குறை ஒன்று உண்டு. முகாம் முடிந்தபின் நடக்கும் மாதாந்திரக் கூட்டத்தை வேலைநாளில் வைக்கிறார்கள். கூலி போகுமே என்று பலர் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும். அண்ணன் மட்டும் தவறாமல் போகிறார், பழைய முகாம்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து கூட்டிப்போவதால்.

உங்கள் பக்கம் முகாம் இல்லையென்றால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.