ஒற்றைப் பயிரா, கலப்புப் பயிரா: கடன் கணக்கில் எது தேறும்?

நிலத்தை எப்படி நடத்துவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது நான் கலப்புப் பயிர்ப் பக்கம் போனவன், அதனால் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

மகசூல் மட்டும்தான் கணக்கு என்றால் வீரிய விதை, யூரியா, எந்திரம் என்று போகும் ஒற்றைப் பயிர்தான் ஜெயிக்கும். 1966இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர்.8 என்ற வீரிய நெல் ரகம் ஆசியாவில் எத்தனை வயிற்றை நிரப்பியது என்பதை மறுக்க முடியாது. நிலத்தடி நீர், மண்வளம் பற்றியெல்லாம் நிறையவே பேசியாயிற்று, விடுங்கள்.

என்னைத் திருப்பியது கடன்தான். ஒற்றைப் பயிரில் நாற்று நடும் முன்பே பணம் கையை விட்டுப் போய்விடுகிறது. யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் உர விலை எகிறியது, மானியம் கொடுக்கும் ஏழை நாடுகளின் கஜானாவும் அடி வாங்கியது. சரி, வாங்கிப் போட்டதாவது பயிருக்குப் போகிறதா? தேங்கிய தண்ணீரில் வீசிய யூரியா கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, கொஞ்சம் நைட்ரேட்டாகக் கீழே இறங்குகிறது, இன்னும் கொஞ்சம் கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றும் நைட்ரஸ் ஆக்சைடாகிறது; போட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பாதிதான் பயிருக்குச் சேர்கிறது என்பது பொதுவான கணக்கு. வட்டிக்கு வாங்கிய காசில் பாதி அப்படித்தான் போகிறது.

பூச்சி மருந்துச் செலவும் இதே கதைதான். நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும், மருந்தில் சாவது புகையானைத் தின்னும் சிலந்திகள், அப்புறம் குஞ்சு பொரித்து வந்தால் தடுக்க ஆளில்லை. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அதனால் நெல் உற்பத்தி ஒன்றும் படுத்துவிடவில்லை.

கலப்புப் பயிரில் பயறு தழைச்சத்தைத் தருவதால் உரத்தைக் குறைக்கலாம், ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கிறது. ஆனால் களையெடுக்க ஆள் வேண்டும், முதல் சில பருவங்களில் விளைச்சல் இறங்கும். 2021இல் இலங்கை ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, நெல் விளைச்சல் விழுந்து, சில மாதங்களில் பின்வாங்கியதையும் மறக்கக் கூடாது. பெரிய பண்ணைகளுக்கு இது ஒத்துவருமா என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவமில்லை. மக்காச்சோளத்துக்கு மட்டும் நானே இன்றும் கொஞ்சம் யூரியா போடுகிறேன், பயிரின் நிறத்தைப் பார்த்து, இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து.