செயலியா, சிலேட்டா? ஆன்லைன் தமிழ் வகுப்பில் பிள்ளைகளின் மனசு எங்கே நிற்கிறது

ஜாலஹள்ளியில் இருக்கும் பிள்ளையை எலக்ட்ரானிக் சிட்டியில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வாராவாரம் கூட்டி வர யாராலும் முடியாது. போய்வருவதற்குள் அரை ஞாயிறு கரைந்துவிடும். அதனால் பெங்களூரில் எங்கள் வகுப்பு ஆன்லைனில் நடக்கிறது. எட்டு முதல் பதினொரு வயது வரை 18 பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எழுதுவார்கள். தமிழ் எழுத்து மட்டும் வராது. இவர்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிடலாம். உட்கார்ந்த பிள்ளையின் மனசும் அங்கே இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. இரண்டு வருடமாக ஒவ்வொரு வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரலையா, பதிவு வீடியோவா? எழுத்து வடிவம் கற்றுக்கொடுக்க வீடியோவை மிஞ்ச முடியாது. 'ஞ' எங்கே தொடங்கி எப்படிச் சுழிகிறது என்று பிள்ளை பத்து தடவை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் நீளம் கூடாது. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களைப் பார்த்தவர்களை வைத்து பிலிப் குவோ குழுவினர் 2014-ல் செய்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் நிலைத்தது பெரும்பாலும் 6 நிமிடத்துக்குள்தான். அவர்கள் விருப்பப்பட்டுச் சேர்ந்த பெரியவர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் 4 நிமிடம்தான் வைக்கிறேன்.

வீடியோவின் பெரிய குறை, நீ வரவில்லையே என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எம்ஐடி, ஹார்வர்டு இணையப் பாடங்களைப் பற்றி 2019-ல் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள்: பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாடத்தைத் திறக்கவே இல்லை. ஆகவே வியாழக்கிழமை குட்டி வீடியோ, ஞாயிற்றுக்கிழமை நேரலை என்று பிரித்துக்கொண்டோம். காசு கட்டாமல் ஜூமில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் 60 நிமிடம் கூட்டம் நடத்தலாம். நான் ஜூமையே எடுத்தேன். 40 நிமிடம் போதும், அதற்கு மேல் இந்த வயதுக்குத் தாங்காது.

அடுத்தது, நான் அதிகம் யோசித்த விஷயம். வினாடி வினாச் செயலியா, சிலேட்டா?

கஹூட் என்ற வினாடி வினாச் செயலியைப் போட்டால் வகுப்பே துள்ளும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் வழக்கமான ஆட்டத்தில் சீக்கிரம் தொட்டவருக்கே அதிகப் புள்ளி. 'பழம்' என்பதற்கு ல, ள, ழ மூன்றில் எது என்று யோசிக்கிற பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற பிள்ளையிடம் தோற்றுப்போகும். நாலு வாரத்தில் அந்த யோசிக்கிற பிள்ளைதான் வராமல் போனது. குவிஸ்ஸிஸ் என்ற இன்னொரு செயலி இந்த வகையில் மேல். 2015-ல் நம்ம பெங்களூரிலேயே பிறந்தது, இப்போது வேகிரவுண்ட் என்று பெயர். கேள்வி அவரவர் திரையிலேயே வரும், அவரவர் வேகத்தில் போகலாம், யார் எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள் என்று பிறகு நான் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுப்பாடத்துக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

நேரலை வகுப்புக்கு இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. பாதி வீடுகளில் இருப்பது அப்பாவின் ஒரே போன். ஜூமை விட்டு இன்னொரு செயலிக்குப் போனால் பிள்ளையின் முகம் மறைந்துவிடும், திரும்பி வருவதற்குள் பாடம் முடிந்திருக்கும். அதைவிட முக்கியம், நாலு விடையில் ஒன்றைத் தொடுவது வேறு, வெறும் பலகையில் நினைவிலிருந்து எழுதுவது வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் காட்டியது இதுதான்: திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

அதனால் சிலேட்டு. நான் சொல்லைச் சொல்வேன், எல்லோரும் நெஞ்சோடு அணைத்து எழுதுவார்கள், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் தூக்குவார்கள். 18 சிலேட்டு ஒரே நேரத்தில் எனக்குத் தெரியும். யாரும் யாரையும் முந்துவதில்லை. முதல் வாரம் ஒரு பையன் தூக்கிய சிலேட்டை உடனே இறக்கி அழித்தான், மறுபடி எழுதினான், மறுபடி அழித்தான். "என்னடா கண்ணா?" என்றால், "மிஸ், எனக்குத் திரும்பித் திரும்பி வருது" என்கிறான், கண் கலங்கிவிட்டது. அவன் திரையில் அவனுக்கு மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்திருக்கிறது. எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. ஜூம் செட்டிங்ஸில் போய் அந்தக் கண்ணாடித் தோற்றத்தை நிறுத்தியதும் சரியானது. சிலேட்டு வைத்து நடத்துகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

மொத்த வகுப்பா, சிறு குழுவா? 40 நிமிடத்தை 18 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். ஜூமுக்குள்ளேயே மூன்று மூன்று பேராகத் தனி அறைக்கு (பிரேக்அவுட் ரூம்) அனுப்பினால் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் பெரியவர் இல்லாத அறையில் ஒரு நிமிடத்தில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். கையில் கொண்டுவர ஏதாவது கொடுத்து அனுப்பினால்தான் உருப்படும். "சமையலறையில் இருக்கிற அஞ்சு சாமானுக்குத் தமிழ்ப் பேர் கொண்டு வாங்க" என்றேன். கரண்டி, அரிவாள்மனை, அஞ்சறைப்பெட்டி எல்லாம் வந்தது. காசில்லாத ஜூமிலேயே இந்த அறைகள் உண்டு. மீட்டில் காசு கட்டினால்தான்.

மொத்த வகுப்பில் கேள்வி கேட்டால், காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதினார். இணையத்தில் ஒலி வந்துசேரும் தாமதமும் உண்டு. நான் மனசுக்குள் ஐந்து எண்ணுகிறேன்.

கேமரா விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை. சிலேட்டு நேரத்தில் மட்டும் திறந்தால் போதும். ஒரே அறை உள்ள வீட்டில் பின்னால் அம்மா சமைப்பார், தாத்தா படுத்திருப்பார். அதைப் பதினேழு பேருக்குக் காட்டும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக வீட்டுப்பாடத்தாளா, வாட்ஸ்அப் குரல் பதிவா? தாளை அம்மா எழுதிவிடுவார். குரலை யாரும் பேசிக்கொடுக்க முடியாது. ஆறு வாரம் வாயே திறக்காத ஒரு பெண்குழந்தை ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதிவு அனுப்பினாள். பின்னால் குக்கர் விசில். "மிஸ், நாம பால்னு சொல்றோம், ஸ்கூல்ல ஹாலு. பூவு, ஹூவு. புலி, ஹுலி. எல்லாத்துக்கும் அப்படியா?" பழைய கன்னடத்தில் அதுவும் பகரம்தான், பிறகுதான் ஹகரமானது என்று பதில் பதிவு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன். பத்து – ஹத்து, பல் – ஹல்லு, பன்றி – ஹந்தி என்று சிலேட்டுகள் எழுந்தன. ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்தது. இரண்டாவது முறை இணைப்பு அனுப்பச் சொல்லிக் கேட்டது அவள்தான்.